கூட்டாத மூலையும் ஆறுமணிக்குருவியும்

ஒழுங்கையில் யாரோ பெடியன் விசிலடிக்கிறான் என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். மாரி தொடங்கியதும், பொழுதுபடுகிற நேரத்தில், எங்கள் கிணற்றடிக்குப் பின்னாலுள்ள மாமரப் பக்கம் இரண்டு சுரத்தில் விசில் கேட்கும். முதலாவது மேலே ஏறும், இரண்டாவது சறுக்கிக்கொண்டு இறங்கும்: வ்வீட்–டியூ. ஐந்தாறு தடவை கேட்கும், பிறகு இருட்டிவிடும், நுளம்பு கடிக்கத் தொடங்கும், நானும் உள்ளே போய்விடுவேன். அது குருவி என்பதும், இந்தியாவின் வடக்கிலோ நடுவிலோ உள்ள காடுகளில் குஞ்சு பொரிக்கிற இனம் என்பதும், மாரிக்கு எங்கள் உரும்பிராய் வளவில் வந்து குடியிருக்கிறது என்பதும் தெரிய எனக்கு முப்பது வயதாக வேண்டியிருந்தது.

ஆறுமணிக்குருவி. சிலர் தோட்டக்கள்ளன் என்பார்கள், தமிழ்நாட்டில் பொன்னுத்தொட்டான் என்றும் பெயர் உண்டு. சிங்களத்தில் அவிச்சியா. அதன் கூவலையே பெயராக்கிவிட்டார்கள். மயில் தன் அழகான உடுப்பைத் திருடிக்கொண்டு போய்விட்டது என்று அது முறையிடுவதாகச் சிங்களக் கதை ஒன்று இருக்கிறது. குருவியைப் பார்த்தால், திருடு போனபிறகும் இவ்வளவு மிச்சமா என்றுதான் கேட்கத் தோன்றும்.

பறவை பார்த்தே பழக்கமில்லாத, ஆனால் வீட்டைச் சுற்றி நாலு மரம் நிற்கிற யாழ்ப்பாணத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். வன்னிக்காட்டுக்குப் போகத் தேவையில்லை. கொஞ்சம் பொறுமையும் நுளம்புக்கு ஒரு களிம்பும் இருந்தால் போதும்.

முதலில் நாட்காட்டி, பிறகுதான் மணிக்கூடு

வருடம் முழுக்க இது இங்கே இல்லை. இதைத் தெரியாமல் ஆடியில் தேடி அலுத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் இது குஞ்சு பொரிப்பதில்லை. இமயமலை அடிவாரக் காடுகள், மத்திய இந்தியா, மேற்குத் தொடர்ச்சி மலையில் கர்நாடகம் வரைக்குமான பக்கம், இவைதான் அதன் தாய்வீடு. அங்கே மழை பிடிக்கிற ஜூன், ஜூலை, ஓகஸ்ட்டில் காய்ந்த இலையும் புல்லும் சேர்த்து, பக்கத்தில் வட்டமான வாசல் வைத்து, உருண்டையாகக் கூடு கட்டும், தரையிலோ தாழ்ந்த கிளையிலோ. நாலைந்து முட்டை: பளபளப்பான வெள்ளை, அதில் கருஞ்சிவப்புப் புள்ளி. குஞ்சுகள் பறக்கப் பழகியபிறகு தெற்கே இறங்கும். எங்கள் பக்கம் புரட்டாதிக் கடைசியிலிருந்து எதிர்பார்க்கலாம், ஐப்பசியில் நிச்சயம் கேட்கும், சித்திரை பிறந்த கையோடு புறப்பட்டுவிடும்.

ஆகவே வெளிநாட்டிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கென்று லீவு எடுத்து வருபவர்களுக்கு இந்தக் குருவி கிடைக்காது. தைப்பொங்கலுக்கு வாருங்கள்.

அடுத்தது மணிக்கூடு. பெயரில் ஆறு மணி இருக்கிறது என்பதற்காகச் சரியாக ஆறு மணிக்குக் காது கொடுக்கத் தொடங்கினால் சில மாதங்களில் பிந்திவிடுவீர்கள், ஏனென்றால் அது பார்ப்பது வெளிச்சத்தை. நவம்பர் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் சூரியன் 5.45 அளவில் மறைந்துவிடும், பெப்ரவரி நடுவில் 6.15 தாண்டும். குருவியும் அதற்கேற்றபடி நகரும். 1996 இல் நாட்டு நேரத்தை முன்னே தள்ளி, 2006 சித்திரையில்தான் பழையபடி திருப்பினார்கள் இல்லையா, அந்தப் பத்து வருடத்தில் பெரும்பகுதி மணிக்கூடு அரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடியது. பழைய நேரமா புது நேரமா என்று கலியாணவீட்டு முகூர்த்தத்துக்கே குழப்பம். அந்தக் காலத்தில் பார்த்தால் இது ஆறரைமணிக்குருவி.

விடியற்காலையும் கூவும். மார்கழியில் திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமும் ஊரைச் சுற்றிப் போய் ஓய்ந்தபிறகு, கிழக்கு வெளுக்கிற நேரம் வெளியே வந்து நின்று பாருங்கள். மாலையில் கோயில் மணியும் ஒலிபெருக்கியும் மோட்டார்சைக்கிளும் சேர்ந்து குருவியை அமுக்கிவிடும், காலையில் அந்தத் தொல்லை குறைவு. மழை இருட்டிக்கொண்டு நிற்கிற பகலில் பதினொரு மணிக்கும் இரண்டொரு குரல் கொடுக்கும்.

எதைத் தேடுகிறீர்கள் என்று தெரியவேண்டும்

மைனாவைவிடச் சின்னது, சிட்டுக்குருவியைவிடப் பெரிது. நீளம் 15 இலிருந்து 19 சென்ரிமீற்றர், எடை ஒரு கோழிமுட்டை அளவு. வால் இருக்கவேண்டிய இடத்தில் யாரோ கத்தரித்துவிட்டது போல ஒரு துண்டு. முதல் அடையாளம் அந்த மொட்டை வால்தான், நிறம் இரண்டாவது. உடம்பு குண்டு, கால் நீளம், சொண்டு தடிப்பு, நிமிர்ந்து நிற்கும்.

நிறத்தைச் சொல்வதானால், முதுகு பச்சை, நெஞ்சும் வயிறும் மங்கிய சந்தன நிறம், அடிவயிற்றில் குங்குமத்தைக் கொட்டியது போலச் சிவப்பு. செட்டையில் பளிச்சென்று நீலத் துண்டு, வால் நுனியிலும் நீலம். தொண்டை வெள்ளை. கண்ணுக்குக் குறுக்கே தடித்த கறுப்புப் பட்டை, உச்சந்தலையிலும் கறுப்புக் கோடு. இந்தியில் நவரங் என்கிறார்கள், ஒன்பது நிறமாம். எண்ணிச் சரிபார்க்க ஒருநாளும் அது எனக்கு நேரம் தந்ததில்லை. பறக்கும்போது கறுத்தச் செட்டையில் வெள்ளைப் பொட்டு தெரியும். ஆண் பெண் வித்தியாசம் பார்வைக்குத் தெரியாது, அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

இவ்வளவு நிறத்தை வைத்துக்கொண்டு எப்படி ஒளிக்கிறது? புதியவர்கள் எல்லாரும் கேட்பது இது. வளவு நிழலில் அது உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் தெரிவது மங்கல் பச்சை மட்டும், சருகுக்குள் விழுந்த பச்சை இலை மாதிரி. சிவப்பு முழுக்க வாலுக்குக் கீழே. நீலம் செட்டை அசைந்தால்தான் மின்னும். அது திரும்புகிற கணத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

நீல மின்னலைக் கண்டு ஏமாறவும் கூடாது. வளவில் நீலம் பறந்தால் பத்தில் ஒன்பது தடவை அது வெண்தொண்டை மீன்கொத்தி. அது வயரிலும் கொப்பிலும் உயரத்தில் இருந்து கத்தும், சொண்டு பெரிதாகச் சிவப்பாக இருக்கும். ஆறுமணிக்குருவி கூவுவதற்கும் நித்திரைக்கும் மரத்தில் ஏறும், மற்றப்படி தரைதான் அதன் உலகம்.

இன்னொரு விஷயம், படித்தபோது எனக்குப் பிடித்துப்போனது. 1766 இல் சுவீடன் விஞ்ஞானி லின்னேயசு இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தபோது காக்கைச் சாதியில் சேர்த்துவிட்டார். பிறகு பிரித்துத் தனிச் சாதியாக்கி 'பிட்டா' என்று பெயர் வைத்தார்கள், அது தெலுங்குச் சொல், சின்னக் குருவி என்று பொருள். காக்கைக்கும் இதற்கும் அப்படி நெருங்கிய உறவில்லை. விதவிதமாகப் பாடப் பழகுகிற பறவைகளின் கிளையே வேறு, இது சேர்ந்திருக்கிற கிளையில் பெரும்பாலானவை தென்னமெரிக்காவில் இருக்கின்றன. அந்தக் கிளையின் பொது இயல்பு, கூவல் கூடவே பிறப்பது. தாய் தகப்பனிடம் கேட்டுப் பழகுவதில்லை. இலங்கையில் இந்தக் குடும்பத்துக்கு இது ஒன்றுதான், ஆகவே வேறு பிட்டாவோடு குழம்பிவிடுவேனோ என்ற பயமும் வேண்டாம்.

காடில்லாத ஊரில் காட்டுக்குருவி எங்கே இருக்கும்

குடாநாட்டில் காடென்று சொல்ல அதிகமில்லை. ஆனால் இந்தக் குருவி காட்டில் தேடுவது மூன்று சாமான்: மேலே நிழல், கீழே சருகு, சருகுக்குக் கீழே ஈரம். அந்த மூன்றும் ஒன்றாக இருக்கிற இடம் எங்கள் ஊரில் கிணற்றடிதான். குளிக்கிற தண்ணீர் வாய்க்காலால் ஓடி வாழைப்பாத்திக்குப் போகும், பக்கத்தில் மாவோ பலாவோ நிற்கும், வேலியோரம் பூவரசும் கிளுவையும். உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி என்று செம்மண் பக்கமெல்லாம் பழைய வளவுகளில் இந்த அமைப்பு இருக்கிறது. தனிப் பனங்காணியில் நான் ஒருதடவையும் காணவில்லை. காவோலையைச் சொண்டால் புரட்ட முடியாது என்பது என் ஊகம்.

இதைவிட நல்ல இடம் ஒன்று உண்டு, சொல்லக் கொஞ்சம் சங்கடம்: ஆளில்லாத வளவுகள். யுத்தத்தோடு போனவர்கள் திரும்பி வராமல், கூரை விழுந்து, கிணற்றை மூடிப் பற்றை வளர்ந்து நிற்கிற காணிகள். இருபது முப்பது வருடச் சருகு. எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒன்றில் இரண்டு குருவி மாறிமாறிக் கூவும். ஆனால் உள்ளே போகாதீர்கள். அது இன்னொருவருடைய காணி, மூடாத கிணறும் இருக்கலாம், பாம்பு கட்டாயம் இருக்கும். சுருட்டை விரியன் யாழ்ப்பாணத்தில் சாதாரணம், சருகில் கிடந்தால் தெரியவே தெரியாது. வேலிக்கு வெளியே நின்று கேளுங்கள். முகமாலைப் பக்கம் போகிறவர்கள் கண்ணிவெடிப் பலகை கண்டால் குருவியை மறந்துவிட்டுத் திரும்புங்கள், இதில் பேச்சே இல்லை.

சரி, எப்படி உட்காருவது

முதல் நாள் பார்க்க முயற்சிக்கவே வேண்டாம். பொழுதுபடுவதற்கு இருபது நிமிடம் முன்னதாக விறாந்தையை விட்டு இறங்கி, வீட்டுக்குப் பின்பக்கம் நின்று, எந்தத் திசையில் கேட்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒன்று கூவினால் பக்கத்து வளவிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும், அதற்கு அடுத்த வளவிலிருந்து மற்றொன்று. எத்தனை குரல், எந்தெந்த மூலை என்று ஒரு துண்டில் கீறி வையுங்கள். மாரிக்கு வந்த இடத்தில் ஒவ்வொன்றும் தனித்தனிக் காணி பிடித்துக்கொண்டு, இது என் எல்லை என்று மற்றதுக்குச் சொல்கிற சத்தம் அது. வேலிச்சண்டை எங்கள் ஊருக்குப் புதிதல்லவே.

இரண்டாம் நாள், அதே நேரம், குரல் வந்த மூலைக்குப் பத்துப் பதினைந்து மீற்றர் தள்ளி ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேர்ட் வேண்டாம். போனை ஊமையாக்குங்கள். நுளம்புத்திரி கொளுத்தினால் நெருப்பும் புகையும் சருகுக்குள் எதற்கு, களிம்பு பூசுங்கள். காலுக்குச் சப்பாத்துக் கட்டாயம். கூவும்போது மரத்தில் தாழ்ந்த கொப்பில் இருக்கும், தலையைப் பின்னுக்கு எறிந்து, சொண்டை வானத்துக்குத் தூக்கிக் கூவும். அந்த அசைவைத்தான் பிடிக்க வேண்டும். கண்டால் நல்லது, காணாவிட்டாலும் நட்டமில்லை, ஏனென்றால் வேலை மூன்றாம் நாள் காலையில்தான்.

மாலையில் கேட்ட இடத்தைக் காலையில் பாருங்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தராததால் இரண்டு மாரியை வீணாக்கினேன். மாலை கூவும்போது வெளிச்சம் போய்விடுகிறது, சருகு எது குருவி எது என்று தெரியாது. விடிந்து, 6.30 இலிருந்து எட்டு மணி வரைக்கும், அதே மூலைக்குக் கிட்ட அது தரையில் இறங்கி இரை பொறுக்கும். அப்போது சூரியன் வாழையிலைக்கு ஊடாகச் சாய்வாக விழும், அந்த வெளிச்சத்தில் நீலம் மின்னினால் பிறகு மறக்கமாட்டீர்கள்.

கண்ணால் தேடிப் பயனில்லை, இங்கேயும் காதுதான் முந்த வேண்டும். சருகுச் சத்தத்தைப் பிரித்தறியப் பழகுங்கள். கோழி என்றால் காலால் சறக் சறக் என்று கிளறும், நிறுத்தாது. அரணை என்றால் ஒரே இழுவையாக ஓடும். புலுனிகள் ஏழெட்டுச் சேர்ந்து வரும், சருகு சத்தம் போடுவதற்கு முதல் அவையே கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். ஆறுமணிக்குருவி என்றால் டப், டப், இரண்டு மூன்று தத்தல், பிறகு ஒன்றுமில்லை. நீங்கள் போய்விட்டதாக்கும் என்று நினைக்கிற அளவுக்கு அசையாமல் நிற்கும். அப்புறம் ஒரு இலையைச் சொண்டால் பிடித்து ஒருபக்கம் எறிகிற 'சடக்'. அந்தச் சடக்குக்கும் அடுத்த சடக்குக்கும் நடுவில் தலையைத் திருப்பலாம், கையைத் தூக்கலாம். அது தலை குனிந்திருக்கும்போது அசையுங்கள், நிமிர்ந்தால் உறையுங்கள்.

தூரநோக்கி இருந்தால் 8×42 போதும். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீற்றரில், அது அகலமாக இருந்தால் நிழலிலும் தெளிவாகத் தெரியும். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு. உட்கார்ந்தவுடனே சருகு மூலையைக் குறிவைத்துக் கூர்மையைச் சரிசெய்து வைத்துவிடுங்கள், குருவி வந்தபிறகு திருகிக்கொண்டிருந்தால் திருகினதுதான் மிச்சம். தூரநோக்கி இல்லையா, கவலையில்லை, பத்து மீற்றரில் வெறுங்கண்ணுக்கே தெரிகிற குருவி இது. காசைச் செலவழிப்பது அடுத்த மாரியில் யோசிக்கலாம்.

கண்டபிறகு என்ன பார்ப்பது? எல்லாரும் படம் எடுக்க அவசரப்படுகிறார்கள். என் ஆலோசனை, முதல் மூன்று தடவை கமராவைத் தொடாதீர்கள். வாலைப் பாருங்கள், மெதுவாக மேலும் கீழும் ஆட்டும். நடக்கிறதா தத்துகிறதா? எதைப் பிடிக்கிறது? பூச்சி, பூச்சிப்புழு, மண்புழு, சின்ன நத்தை, இவைதான் அதன் சாப்பாடு. குசினிக் கழிவு கொட்டுகிற இடத்துக்கும் வரும், அதற்குப் பெருமை சிறுமை கிடையாது. சொண்டின் நிறத்தையும் கவனியுங்கள், குஞ்சு பொரிக்கிற காலம் நெருங்க நெருங்க அது செம்மஞ்சளாகப் பளிச்சிடும். பங்குனியில் பார்க்கிற குருவிக்கும் ஐப்பசியில் பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள்.

அதே சருகில் வேறு வலசைக்காரரும் வருவார்கள். காட்டு வாலாட்டி வந்தால் அதன் வால் மேலும் கீழும் இல்லை, பக்கவாட்டில் ஆடும், உடம்பே சேர்ந்து ஆடுவது மாதிரி. அரசவால் ஈபிடிப்பான் மேல்கொப்பில் இருந்து பூச்சி பிடிக்கும். ஒரு மூலைக்கு இவ்வளவு பேரா என்று இருக்கும்.

கூவலைப் போனில் போட்டுக் குருவியைக் கூப்பிடுகிற பழக்கம் ஒன்று பரவிக்கொண்டிருக்கிறது. வரும், கட்டாயம் வரும், பதறி அடித்துக்கொண்டு வரும், ஏனென்றால் தன் காணிக்குள் வேறொன்று புகுந்துவிட்டது என்று நினைக்கிறது. அது இரை தேடுகிற நேரத்தை இல்லாத எதிரியைத் தேடுவதில் கழிக்கும். இதைச் செய்யாதீர்கள். இரவில் நித்திரை கொள்கிற குருவிக்கு டோர்ச்சும் கமரா வெளிச்சமும் அடிப்பதும் அப்படித்தான்.

அம்மம்மாவும் விளக்குமாறும்

இனித்தான் கஷ்டமான பகுதி. எங்கள் ஊரில் விடிந்தால் முற்றம் கூட்ட வேண்டும். முற்றத்தோடு நின்றால் பரவாயில்லை, கோடி வரைக்கும் கூட்டி, குவித்து, கொளுத்திவிட்டுத்தான் தேத்தண்ணி. சருகு கிடக்கிற வளவு சோம்பேறி வளவு. ஆறுமணிக்குருவிக்கு நாங்கள் செய்கிற பெரிய கேடு எதுவென்று கேட்டால், கவண் அல்ல, இந்த விளக்குமாறுதான் என்பேன்.

அம்மம்மாவிடம் பேச்சுவார்த்தை நடத்த ஒரு வாரம் எடுத்தது.

"குப்பையை வைச்சிருந்து என்ன செய்யப் போறாய்?"

"குருவி வரும் அம்மம்மா."

"பாம்பும் வரும்."

அவர் சொன்னதும் சரிதானே. கடைசியில் உடன்பாடு இப்படி வந்தது: வீட்டிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் தள்ளி, கிணற்றடி வாழைக்கு அப்பால், பத்தடிக்குப் பத்தடி மூலை ஒன்று எனக்கு. மிச்சம் எல்லாம் அவருக்கு. முற்றம் கூட்டின சருகையும் கொளுத்தாமல் அந்த மூலையில் கொண்டுபோய்ப் பரப்புவது என் வேலை.

நீங்களும் செய்வதானால்: மா, பலா, பூவரசு இலை நல்லது, நாலு விரல் தடிப்புக்குப் பரப்பினால் போதும், குவியலாக்க வேண்டாம். குளிக்கிற தண்ணீரின் ஒரு கிளையை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள், தை பிறந்து மழை குறைந்தபிறகும் மண் ஈரமாக இருக்கும், புழு மேலே நிற்கும். கறையானுக்கோ எறும்புக்கோ மருந்து அடிக்காதீர்கள், குருவி சாப்பிட வருவதே அவற்றைத்தான். மேலே கொஞ்சம் பற்றை நிற்கட்டும், காகம் துரத்தினால் ஓடி ஒளிக்க.

டெங்குக் காலம் என்பதையும் மறக்கக்கூடாது. பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து சருகைப் பார்த்துக் கேட்டால் பதில் இருக்க வேண்டும். நுளம்பு பெருகுவது சருகில் இல்லை, சருகுக்குள் மறைந்து கிடக்கிற சிரட்டை, இளநீர்க் கோம்பை, யோகட் கோப்பை, பழைய டயரில்தான். கிழமைக்கு ஒருதடவை தடியால் கிளறிப் பாருங்கள், கையால் அல்ல, தண்ணீர் தேங்குகிற எதையும் எடுத்துவிடுங்கள். எங்கள் மூலையில் அப்படி முதல் நாள் எடுத்தது பதினொரு சிரட்டை. அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை, எண்ணிக்கொண்டு நின்றார்.

அப்புறம் பூனை. தரையில் தத்துகிற குருவிக்குப் பூனையைவிட எமன் இல்லை. உங்கள் பூனையைப் பொழுதுபடுகிற நேரமும் விடியப்புறமும் உள்ளே வையுங்கள். பக்கத்து வீட்டுப் பூனைக்கு என்ன செய்வது என்று கேட்காதீர்கள், அதில் நான் தோற்றவன்.

விறாந்தையில் களைத்துக் கிடந்தால்

ஐப்பசியில் இது நடக்கும். இந்தக் குருவிகள் இரவில் பறந்து வலசை வருகின்றன. கோடிக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவில் கடல் ஏறக்குறைய 55 கிலோமீற்றர், அதற்கு முன்னால் எத்தனை நூறு கிலோமீற்றரோ. களைத்துப்போய் விடியப்புறம் வீட்டுக்குள் வந்து விழும், வெளிச்சத்தைப் பார்த்து ஜன்னல் கண்ணாடியில் மோதும். காகம் கண்டால் விடாது.

எனக்கு முதல் தடவை கிடைத்தபோது வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினேன். செய்யக்கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அன்று அது தப்பியது அதன் அதிர்ஷ்டம். சரியான முறை: மெல்லிய துணியால் மூடி எடுத்து, மூடியில் ஓட்டை போட்ட காட்போட் பெட்டிக்குள் வைத்து, இருட்டாக, அமைதியாக, பூனையும் பிள்ளைகளும் எட்டாத இடத்தில் விடுங்கள். சோறு, பாண் எதுவும் வேண்டாம். எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கவும் வேண்டாம், மனித முகம் அதற்கு ஓய்வு தராது. கண்ணாடியில் மோதியது என்றால் பெரும்பாலும் இரண்டொரு மணித்தியாலத்தில் தெளிந்து பெட்டிக்குள் தத்தத் தொடங்கும். அப்போது பற்றையுள்ள மூலைக்குக் கொண்டுபோய், பெட்டியைச் சரித்து வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், தானாகப் போகட்டும். காகம் கூடி நின்றால் பொழுதுபடும் வரைக்கும் பொறுக்கலாம். செட்டை தொங்கினாலோ இரத்தம் இருந்தாலோ மிருக வைத்தியரிடமோ வனசீவராசிகள் திணைக்களத்திடமோ கேளுங்கள். வடிவாக இருக்கிறது என்று கூட்டில் போட்டு வளர்க்க நினைக்காதீர்கள். 1937 இலிருந்தே இருக்கிற தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம், தவிரவும் உயிருள்ள புழு பூச்சி தேடி இதை வளர்க்க உங்களால் ஏலாது.

கொப்பி

ஒரு கொப்பி வையுங்கள், பாடசாலைக் கொப்பி போதும். மாரியில் முதல் கூவல் கேட்ட திகதி, சித்திரையில் கடைசிக் கூவல் கேட்ட திகதி, இந்த இரண்டும் கட்டாயம். இடையில் கண்ட நாட்கள், நேரம், மழையா வெயிலா, எந்த மூலை. பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிகிற ஈபேர்ட் (eBird) இணையத்தளத்திலும் பதியலாம், வடக்கிலிருந்து எவ்வளவு பதிவு வருகிறதோ அவ்வளவு நல்லது. எங்கள் வளவில் நாலு மாரியாக அதே வாழைப்பாத்திக்கு ஒன்று வருகிறது. அதே குருவியா என்று காலில் வளையம் மாட்டாமல் சொல்லமுடியாது, ஆனால் அம்மம்மாவுக்குச் சந்தேகமே இல்லை, "எங்கட குருவி" என்கிறார்.

கடைசிக் கூவலைக் குறிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அது கடைசி என்று அன்றைக்குத் தெரியாது. ஆகவே பங்குனி நடுவிலிருந்து ஒவ்வொரு மாலையும் கேட்டதா இல்லையா என்று எழுத வேண்டும், பிறகு பின்னுக்குப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பீர்கள். இந்த வருடம் வருடப்பிறப்பு முடிந்து மூன்றாம் நாள் மாலை கேட்டது. மறுநாள் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு கிழமை கழித்து விடிய எழும்பிக் கிணற்றடிக்குப் போனால், அம்மம்மா வாழைக்கு அப்பால், என் மூலையின் ஓரத்தில், விளக்குமாறோடு நிற்கிறார்.

"போயிட்டுதோ?"

"ஓம், போயிட்டுது போலதான் கிடக்கு."

"அப்ப கூட்டட்டே?"

புழுவெல்லாம் சருகுக்குக் கீழேதான் கோடையைத் தாங்கும் என்று சொல்லிப் பார்த்தேன். ஓரமாக இரண்டடி மட்டும் கூட்டிவிட்டு, மிச்சத்தை ஐப்பசிக்கென்று விட்டுவைத்தார்.